நாலரைக் கட்டை

எழுபதுகளின் நடுவில், தீபத் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையின் மேடையில் ஒரு மாலை நான் இருபது நிமிடம் பேசினேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வட ஆர்க்காடு மாவட்டத்துப் பேச்சுப் போட்டிகளில் ஆண் மாணவர்களைத் தோற்கடித்து நான் வாங்கிய கேடயங்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மேசையை நிரப்பியிருந்தன. அந்த மாலையும் நான்தான் வென்றேன். அந்த வெற்றியால் ஒரு பாடகி தம் மேடையை இழந்தார். பிறகு குரலை இழந்தார். இன்னொரு பாடகி, எவரும் கேட்காமலே, தம் குரலின் ஒரு பகுதியை இந்த ஊருக்குத் தருவதில்லை என்று நிறுத்திக்கொண்டார். இதை நான் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. மேடையில் சொன்னால் இதற்கும் கைதட்டிவிடுவார்களோ என்ற அச்சம் ஒரு காரணம்.

அந்நாளில் எங்கள் வட்டாரத்தில் இரண்டு பாடகிகளுக்குத்தான் பெயர். திரைப்படப் பாடல்களை மேடைகளில் பாடும் மெல்லிசைக் குழு ஒன்றில் இருவரும் பாடினார்கள். சென்னைப் பாடகிகளின் முகத்தை எங்கள் ஊர் பத்திரிகையில் பார்த்தது. இவர்கள் முகத்தைப் பேருந்து நிலையத்தில் பார்த்தது. அதனால் இவர்கள்மேல் இருந்த உரிமை அதிகம். திருமணம் வைப்பவர்கள் மண்டபத்தைக் கேட்பதற்கு முன்பே இவர்களுக்கு நாள் ஒழிகிறதா என்று கேட்டார்கள். மூத்தவர் கீழ்பென்னாத்தூர்க்காரர், நாற்பதை நெருங்கியவர், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையும் நெல்லும் போடும் குடும்பம். இளையவர் செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிச் சற்றுத் தள்ளிக் குடியிருந்தார், முப்பது ஆகவில்லை. ஊர் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ஒருவர் கீழ்பென்னாத்தூரம்மா. மற்றவர் செங்கம் ரோட்டம்மா.

இருவருக்கும் இடையே இருந்த போட்டி விளையாட்டன்று. நோட்டீசில் யாருடைய படம் இடப்பக்கம் வருவது என்பதற்காக ஒருமுறை அச்சுக்கூடத்தில் அரை நாள் வேலை நின்றது. பிறகு ஒரு நோட்டீசில் இவர், அடுத்ததில் அவர் என்று முறை வைத்தார்கள். கடைசிப் பாட்டு யாருடையது என்பதற்கும் அதே முறை. ஒருவர் பாடிப் பெயர் வாங்கிய பாட்டை மற்றவர் தொடுவதில்லை. மூத்தவருக்கு ஒரு தாலாட்டு. இளையவருக்கு ஒரு படகுப் பாட்டு. ஊரும் இரண்டாகப் பிரிந்திருந்தது. எங்கள் தெரு முடிதிருத்தும் கடையில், உட்கார வருகிறவரிடம் நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுத்தான் துண்டைப் போர்த்துவார்கள் என்று என் தம்பி சொல்வான்.

ஆனால் இன்னொரு செய்தியும் ஊருக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூரில் ஒரு திருமணத்தில் மூத்தவர் புதுப்பாட்டு ஒன்றை முதன்முதலாகப் பாடியபோது, இளையவர் தலையில் முக்காடிட்டுக்கொண்டு பேருந்தேறிப் போய்ப் பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். மூத்தவர் கண்டுகொண்டார். அந்தப் பாட்டு முடிந்ததும், யாரும் கேட்காமலே அதை மறுபடியும் பாடினாராம், கடைசி வரிசையைப் பார்த்து.

மேடையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சுருதியில் பாடப்போகிறார்கள் என்பதை ஆர்மோனியக்காரருக்கு வாயால் சொல்ல மாட்டார்கள், விரலால் காட்டுவார்கள். ஐந்து விரலையும் விரித்தால் ஐந்து கட்டை. விரித்து மணிக்கட்டை ஒருமுறை அசைத்தால் ஐந்தரை. நான்கு விரலை நீட்டிக் கட்டைவிரலைப் பாதி மடக்கினால் நாலரை. கட்டை கூடக் கூடக் குரல் உயரத்தில் நிற்கும். எங்கள் ஊரில் பெண் குரலுக்குப் பெருமை ஐந்தரைதான். சினிமாவில் எந்தக் கட்டையோ அதே கட்டை என்று சொல்லிக்கொள்வார்கள். இளையவர் கையை வெளிப்படையாகக் காட்டுவார். மூத்தவர் மட்டும் இரண்டு ஆண்டுகளாக வலது கையை முந்தானைக்குள் வைத்துக் காட்டி வந்தார். அதை ஒரு அடக்கம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு சந்தை மேடையின் பொறுப்பாளர்களுக்கு ஒரு எண்ணம் தோன்றியது. மெல்லிசைக்கு முன் ஒரு பட்டிமன்றம். தலைப்பு, மக்கள் மனத்தை வென்ற குரல் கீழ்பென்னாத்தூரா, செங்கம் சாலையா. இரு பாடகிகளும் மேடையிலேயே நாற்காலி போட்டு அமர்ந்து கேட்க வேண்டும். பிறகு பாட வேண்டும். என்னை அழைக்க வந்த பொறுப்பாளர், போகிறபோக்கில் ஒன்று சொன்னார். அடுத்த ஆண்டிலிருந்து மேடைக்கு ஒருவர் போதும் என்று முடிவாகியிருக்கிறதாம். பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் கைதட்டல் ஜாஸ்தியோ அவர்தானாம். தீப மேடையில் பாடியவருக்குத்தான் தையிலும் மாசியிலும் திருமணங்கள் கிடைக்கும். ஆகவே தோற்கிறவர் அந்த மேடையை மட்டும் இழக்கப்போவதில்லை. இது எனக்குத் தெரியும். பாடகிகள் இருவருக்கும் தெரியாது.

சீட்டுப் போட்டார்கள். எனக்குச் செங்கம் சாலை விழுந்தது. எனக்கு எதிரணியில் ஆண்கள் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்; முந்தைய போட்டியில் என்னிடம் தோற்றவர். அவரிடம் தோற்பதைவிடப் படிப்பை நிறுத்திவிடலாம் என்று நான் எண்ணிய காலம் அது.

எங்கள் பயிற்சியில் முதல் பாடம் இது: உன் பக்கத்தின் நிறையைத் தேடாதே, எதிர்ப்பக்கத்தின் குறையைத் தேடு, குறை கிடைக்காவிட்டால் அவர்கள் பெருமையாகச் சொல்வதையே எடுத்துத் திருப்பு. ஆகவே நான் செங்கம் சாலைக்குச் சென்றேன். மூத்தவரின் குறையை இளையவரைவிட நன்கு அறிந்தவர் யார் இருக்க முடியும்.

அவர் வீட்டின் பின்பகுதியை ஒரு வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்த மனிதர் புல்லாங்குழல் பழகிக்கொண்டிருந்தார். கூடத்தில் உட்கார்ந்ததும் அந்த ஓசைக்கு நான் முகம் சுளித்ததை இளையவர் கவனித்துவிட்டார்.

"காலையிலேந்து அதே எடத்துல அதே தப்பு. நல்ல மனுசன்னு பொறுத்துக்கிறேன். என்னம்மா விஷயம், சொல்லு."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் பக்கம் பேசப்போகிறேன் என்றதும் சிரித்தார். மூத்தவர் பாட்டில் குறை என்ன என்று நேராகவே கேட்டேன்.

"குறைய என்கிட்ட வந்து கேக்கறியே. அவங்கள ஜெயிக்கணும்னு பத்து வருசமா பாடிக்கினு இருக்கேன். குறை தெரிஞ்சிருந்தா எப்பவோ ஜெயிச்சிருப்பேனே."

பிறகு அவராகவே தாலாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. மூத்தவருக்கு இரண்டு ஆண்டுகளாகத் தொண்டையில் ஏதோ கோளாறு என்றும், அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை என்றும், மேடையின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டுத் தாமே கண்டுபிடித்ததாகவும் சொன்னார். முந்தானைக்குள் அவர் காட்டுவது ஐந்தரையன்று, நாலரை. அதுவும் போதாமல், மூன்றாவது சரணத்தில் பாட்டு உச்சிக்கு ஏறும் இடத்தில் அவர் பாடுவதே இல்லை. அந்த இடம் வருவதற்குச் சற்று முன் முகத்தை இடப்பக்கம் திருப்பி, குழந்தையைப் பார்ப்பவர்போல் ஒரு புன்னகை செய்வார், வாய் திறந்திருக்கும், வயலின் மேலே போகும், கூட்டம் அவர் குரலையே கேட்கும்.

"நீயும் கேட்டுருக்க இல்ல?" என்றார்.

கேட்டிருந்தேன். அந்த உச்சியில் ஒருமுறை என் கண் கலங்கியதும் உண்டு. சொன்னேன்.

"பாத்தியா. பாடாதத கேக்க வெச்சுட்டாங்க. எனக்குத் தொண்ட இருக்குது, பாடிடறேன். தொண்டையே இல்லாம பாடறாங்க பாரு, அது எனக்கு வராது. நான் அவங்ககிட்ட தோத்துக்கினே இருக்கறது அந்த எடத்துலதான்."

இதை வெளியே சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. ஒரு பெருமையைச் சொல்லும்போது அப்படி எச்சரிக்க யாருக்கும் தோன்றாது. காப்பி கொடுத்தார். அவரைப் பற்றி நான் என்ன பேச வேண்டும் என்பதை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை என்பது, வீடு திரும்பும் வழியில் பெரிய கோபுரத்தைக் கடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதனால் என்ன, எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

தீபத்துக்கு மூன்று நாள் முன்பு, மாலை நான்கு மணிக்கு மேடை. முதல் நாள் மழை பெய்து மைதானம் சேறும் சாணமுமாக இருந்தது. மாடு விற்க வந்தவர்கள் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கயிறு பிடித்தபடியே நின்று கேட்டவர்களும் உண்டு. எதிரணி மாணவர் நன்றாகவே பேசினார். மூத்தவரின் தாலாட்டை அவர் புகழ்ந்தபோது மைதானம் அதிர்ந்தது. அந்த அதிர்வு அடங்குவதற்குள் நான் எழுந்தேன். கைதட்டலை வளரவிட்டு அதன்மேல் ஏறி நிற்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது.

முதல் பதினைந்து நிமிடம் என்ன பேசினேன் என்பது முக்கியமில்லை. முடிவுரையை மட்டும் இங்கே எழுத வேண்டும். "நடுவர் அவர்களே, எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இன்று அந்தத் தாலாட்டின் மூன்றாம் சரணம் வரும்போது யாரும் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உச்சியில் கேட்பது யார் குரல் என்று பாருங்கள். அங்கே பாடுவது வயலின். இரண்டு ஆண்டுகளாக இந்த ஊர் ஒரு மரத்துண்டுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறது." அத்தோடு நிற்கவில்லை. என் வலது கையைத் தூக்கி நான்கு விரலை நீட்டி, கட்டைவிரலைப் பாதி மடக்கி, முந்தானைக்குள் ஒளிந்திருப்பது இதுதான் என்று காட்டினேன்.

ஒரு கணம் மைதானத்தில் மாட்டு மணிகள் மட்டும் கேட்டன. பிறகு முன்வரிசையில் யாரோ சிரித்தார். பிறகு எல்லோரும். கைதட்டல் நான் அதுவரை கேட்டறியாதது. நான் மூத்தவரைப் பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். பார்த்தேன். மடியில் கைகளைக் கோத்தபடி, ஒளிப்படத்துக்கு இருப்பவர்போல் அசையாமல் இருந்தார். இளையவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் என் பக்கம் தீர்ப்பளித்தார். மெல்லிசை தொடங்கியது. மூத்தவர்தான் முதலில். அவர் வேறு பாட்டைத் தொடங்கியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். தாலாட்டையே எடுத்தார். அவர் ஒலிவாங்கிக்கு வந்ததும் முன்வரிசை இளைஞர்கள் நான்கு விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். வலது கையை எல்லோரும் பார்க்கும்படி விரித்து, மணிக்கட்டை ஒருமுறை அசைத்தார்.

ஐந்தரை.

ஆர்மோனியக்காரர் தொடவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தார். மூத்தவர் தலையசைத்தார். வேறு வழியில்லாமல் அவர் சுருதி சேர்த்தார்.

முதல் இரண்டு சரணங்களை அதற்கு முன்னும் பின்னும் எவரும் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. சிரித்தவர்கள் அடங்கினார்கள். மூன்றாம் சரணத்தில் அவர் முகத்தைத் திருப்பவில்லை, புன்னகை செய்யவில்லை, நேராக நின்று ஏறினார். பாதியில் குரல் கிழிந்தது. நிறுத்தி, மறுபடி ஏறினார். இரண்டாம் முறை காற்று மட்டும் வந்தது. கைகொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வயலின்காரர் வில்லைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து ஒரு சீழ்க்கை. மூத்தவர் கும்பிட்டுவிட்டு மேடையின் பின்பக்கப் படியில் இறங்கினார்.

அடுத்து இளையவர் வந்தார். அவர் செய்ததை அன்று எவரும் புரிந்துகொள்ளவில்லை, நான் உட்பட. வலது கையைத் தலைக்குமேல் உயர்த்தினார். நான்கு விரல், பாதி மடங்கிய கட்டைவிரல். கடைசி வரிசையில் மாட்டைப் பிடித்து நின்றவர்வரை பார்க்கட்டும் என்று வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு தம் படகுப் பாட்டை, ஊரே அறிந்த அந்த ஐந்தரைப் பாட்டை, ஒரு கட்டை இறக்கிப் பாடினார். உச்சி வந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டார். முகத்தை இடப்பக்கம் திருப்பினார். அதே புன்னகை. வயலின் மேலே போயிற்று.

அவர் மூத்தவரைக் கேலி செய்து காட்டுகிறார் என்று கூட்டம் எண்ணியது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருடைய கட்சிக்காரர்கள் துண்டைச் சுழற்றினார்கள். நானும் அப்படியே எண்ணி, அவர் என் வாதத்துக்குச் சான்று தந்துவிட்டார் என்ற பூரிப்புடன், அவர் இறங்கும் படியருகே போய் நின்றேன்.

"நான் உன்கிட்ட சொன்னது அவங்க பெருமைய" என்றார். "அத எடுத்தா அவங்கள அடிச்ச?"

குரலை உயர்த்தவில்லை. என்னைத் தாண்டி மேடைக்குப் பின்னே போனார். அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தீவனத் தொட்டியின்மேல் மூத்தவர் உட்கார்ந்திருந்தார். இளையவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து ஆண்டுகளில் அவர்கள் அருகருகே உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் முறை.

தையிலும் மாசியிலும் மூத்தவருக்கு ஒரு திருமணமும் கிடைக்கவில்லை. முன்பே பேசியிருந்தவர்களும் வந்து, கொடுத்த தாம்பூலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அவரை அழைத்திருந்தாலும் அவரால் பாடியிருக்க முடியாது என்பதையும் பிறகு கேள்விப்பட்டேன். அந்த இரண்டு முயற்சிகளுக்குப் பின் தொண்டையில் இரத்தம் வந்திருக்கிறது. வேலூரில் மருத்துவர்கள் பார்த்து, கட்டி என்று சொல்லி, பேசவே கூடாது என்று கட்டளையிட்டிருந்தார்கள்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்க வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன்; எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரிந்திருக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் அவர் வீட்டுக் களத்தில் மல்லாட்டைச் செடிகளைக் குவித்துவைத்து ஆய்ந்துகொண்டிருந்தார். கணவர் எனக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, பேச விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனார். நான் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ சொன்னது நெஜந்தான கண்ணு" என்றார். காற்றால் ஆன குரல். குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "பொய் சொல்லியிருந்தா கோவப்பட்டிருப்பேன்."

சிறிது நேரம் காய்களைப் பிய்த்துக் கூடையில் போட்டார். பிறகு, நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். செங்கம் ரோட்டம்மா அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பாடிய மூன்று திருமணங்களிலும் நாலரையில்தான் பாடினாராமே, உண்மையா என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அது கேலியில்லை என்பதும், அன்று மேடையில் அந்தக் கை உயர்ந்த கணமே அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"வேணான்னு சொல்லு. எனக்காவ குரல எறக்கறவகிட்ட நான் எதுக்கு இத்தன வருசம் போட்டி போட்டேன்? அவ மேல பாடணும். நான் சொன்னேன்னு போய் சொல்லு."

அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த தண்டனை அந்தத் தூதுதான். பேருந்தேறி நேராகச் செங்கம் சாலைக்குப் போனேன். இளையவர் என்னை உள்ளே அழைக்கவில்லை. வாசலிலேயே நின்று கேட்டார்.

"அவங்க வரட்டும். என் பக்கத்துல மைக்ல நின்னு, அவங்க வாயால கேக்கட்டும். அன்னிக்கு ஆறு கட்டையில பாடறேன்."

இதைக் கீழ்பென்னாத்தூரில் சொன்னபோது மூத்தவர் சிரித்தார். பிடிவாதக்காரி என்றார். அந்தச் சொல்லில் அவ்வளவு மகிழ்ச்சி இருந்தது.

இப்படி மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை போய்வந்தேன் என்று நினைவில்லை. ஒவ்வொரு முறையும் மூத்தவர் சொன்னது ஒன்றே. அதைச் சொல்ல அவருக்கு ஆன நேரம்தான் கூடிக்கொண்டே போயிற்று. அவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. தாம் போய்ப் பார்த்தால் அவர் பேச முயல்வார், பேசினால் தொண்டை கெடும் என்று இளையவர் சொன்னார். இந்தக் குரலோடு அவள் முன்னால் இருக்க மாட்டேன் என்று மூத்தவர் சொன்னார். இரண்டையும் சுமந்துகொண்டு பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது, என் கேடயங்களைப் பற்றி நினைக்காமலிருக்கப் பழகினேன்.

கடைசி முறை அவரால் காற்றாலும் பேச முடியவில்லை. ஒரு பழைய நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். இரண்டே சொற்கள்: மேல பாடு. முன்பக்கத்தில் இருவர் படங்களும் இருந்தன. அந்த முறை இடப்பக்கம் இளையவர். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இளையவர் வெகுநேரம் பார்த்தார். நான்காக மடித்துப் பாட்டு நோட்டுக்குள் வைத்தார். பதில் சொல்லி அனுப்பவில்லை. அந்த ஆனியில் மூத்தவர் இறந்துபோனார்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, இனியாவது மேலே பாடலாமே அக்கா என்று கேட்டேன்.

"வாயால வந்து கேக்கட்டும்னு சொன்னேன். இனி யார் வந்து கேக்கப் போறாங்க?" என்றார்.

தீப மேடை இரண்டு ஆண்டுகள் அவரிடம் இருந்தது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் குடும்பம் இருந்தது. ஆனால் நாலரையில் பாடிய படகுப் பாட்டைக் கூட்டம் எத்தனை நாள் கேட்கும். முதலில் கேலி என்று சிரித்தவர்கள், பிறகு புரியாமல் பார்த்தார்கள், பிறகு செங்கம் ரோட்டம்மாவுக்கும் குரல் போய்விட்டது என்றார்கள். மேடைக்கு வேலூரிலிருந்து ஒரு புதுப்பெண்ணை அழைத்துவந்தார்கள். இளையவர் திண்டிவனத்திலும் ஆரணியிலும் ஐந்தரையில் பாடிக்கொண்டுதான் இருந்தார். இந்த ஊருக்கு மட்டும்தான் இல்லை. ஒருநாள் பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனபோது, உள்ளே சமையலறையில் அவர் தமக்காகப் படகுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். உச்சிவரை போனார், அங்கே நின்றார், நிதானமாக இறங்கினார். ஒரு சிறு பிசிறும் இல்லை. நான் கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன்.

எண்பதுகள் வந்தன. நான் பள்ளி ஆசிரியையானேன். போட்டிகளில் பேசுவதை நிறுத்தியிருந்தேன், ஊரில் அதை அடக்கம் என்றார்கள், நடுவராக அழைத்தார்கள். சென்ற ஆடியில் செங்கம் சாலைப் பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். பிற்பகலில் ஒரு பட்டிமன்றம், நான் நடுவர்; பிறகு சிறிய மெல்லிசை. தலைப்பு, பழைய குரல்களா புதிய குரல்களா. அந்தத் தெருவில் குடியிருப்பவர் என்பதால் இளையவரையும் பாட அழைத்திருந்தார்கள். இப்போது அவருக்கும் நாற்பது. மேடையின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

புதிய குரல்களுக்காகப் பேசிய மாணவி என் கல்லூரிதான். பத்தொன்பது வயது இருக்கும். கைதட்டலை வளரவிட்டு அதன்மேல் ஏறி நிற்கத் தெரிந்த பெண். முடிவுரைக்கு வந்ததும் மேடை ஓரத்தைக் காட்டினாள். மரியாதையுடன்தான் சொன்னாள். ஒரு காலத்தில் இந்த ஊரையே ஆண்ட குரல் இது என்றாள். ஆனால் உச்சிக்குப் போக முடியாத குரலை நினைவுக்காகக் கேட்கலாமே தவிர, பாட்டுக்காகக் கேட்க முடியுமா என்றாள்.

தெரு சிரித்தது. நான் இளையவரைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஒலிவாங்கி இருந்தது. அந்தக் குரல் எங்கே போகும் என்பதை அறிந்தவள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். ஏன் போகவில்லை என்பதை அறிந்தவளும் நான் ஒருத்திதான். இரண்டு வாக்கியம் போதும். அந்த இரண்டு வாக்கியத்தில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிழிந்த குரலோடு நின்ற ஒருவரை மறுபடியும் மேடையில் ஏற்ற வேண்டியிருக்கும். இளையவர் தலையை மெல்ல, மிக மெல்ல, இடமும் வலமும் அசைத்தார்.

நடுவர் புள்ளிகளைக் கூட்டித் தீர்ப்பளிக்க வேண்டும். அந்த மாணவியின் வாதத்தில் எடுத்துக்காட்டு இருந்தது, ஒழுங்கு இருந்தது. எதிரணியில் இரண்டும் இல்லை. புதிய குரல்கள் பக்கம் தீர்ப்பளித்தேன். தெரு கைதட்டியது.

பிறகு இளையவர் எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தார். கடைசியாக இந்த ஊரில் அவர் பாடியபோதுகூட விரல்களை வெளிப்படையாகத்தான் காட்டினார். அன்று அவருடைய வலது கை முந்தானைக்குள் போயிற்று. உள்ளே அவர் காட்டியதை நான் பார்க்கவில்லை, நாலரை என்று ஆர்மோனியம் சொன்னது. படகுப் பாட்டின் உச்சி வந்தது. அவர் முகத்தை இடப்பக்கம் திருப்பினார், வாய் திறந்திருந்தது, குழந்தையைப் பார்ப்பவர்போல் புன்னகை செய்தார். வயலின் மேலே போயிற்று. எனக்கு அந்த உச்சி அவர் குரலில் கேட்டது. வயலின் கேட்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த மாணவி என் பக்கம் சாய்ந்தாள்.

"பாத்தீங்களா டீச்சர், அங்க அவங்க பாடவே இல்ல. நான் சொன்னது கரெக்ட்டுதான?"

"ஆமாம்மா" என்றேன்.